மூன்றாவது வரிசையில் உன் அக்கா

அன்பும் பொறுமையும் ஒரே ஆளிடம் கூடியிருக்கும் என் மச்சானுக்கு,

உன் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம். அவரவர் இடத்தில், தனித்தனியாக, நலமாக இருக்கிறோம். உன் உடல்நலம், தொழில்நலம், அதோடு உன்னிடம் இருக்கும் சின்னக் காரின் நலம் ஆகியவற்றை அறிய ஆவல். அதன் இடது பக்கக் கண்ணாடி இன்னும் பாதியில் நின்றுவிடுகிறதா? நின்றால் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்காதே. உள்ளங்கையைக் கண்ணாடியில் ஒட்டி வைத்து மேலே தள்ளு, ஏறிவிடும். காலையில் கிளப்பும்போது ஒரு தடவை இருமும். அதற்காக மெக்கானிக்கிடம் ஓடாதே, அது அதன் சுபாவம். இலை உதிர்க்கும் மரத்தடியில் நிறுத்தாதே. உன் பல்வலி எப்படி இருக்கிறது என்று உன் அக்கா கேட்கச் சொன்னாள்.

போனில் பேசினால் முடிந்தது, இதற்கு ஒரு கடிதமா என்று நினைப்பாய். போனில் பேசக்கூடிய விஷயமில்லை, மச்சான். இந்த வீட்டில் எந்த அறையில் நின்று பேசினாலும் அடுத்த அறையில் உன் அக்கா இருக்கிறாள். கீழே போய்ப் பேசலாம் என்றால் வாட்ச்மேன் இருக்கிறார், அவர் காதில் விழுந்தது நாலு மாடிக்கும் விழுந்த மாதிரி. அதுவுமில்லாமல், முப்பத்து நாலு வருடம் கட்டட வரைபடம் போட்டே காலம் தள்ளியவன் நான். எதையும் தாளில் போட்டால்தான் எனக்கே விளங்கும். ஆகவே இரண்டு பேர் உட்காரும் சின்ன வண்டி, ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி இரண்டையும் ஒப்பிட்டு, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். முடிவில் உன்னிடம் ஒன்று கேட்பேன். சட்டென்று முடியாது என்று சொல்லிவிடாதே.

நான் ஓய்வு பெற்ற மறுவாரம் மகள் போன் செய்தாள். பேச்சுவாக்கில், நாம எல்லாரும் ஒரே வண்டியில போனதே இல்லப்பா என்றாள். அடுத்த நிமிடமே பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குத் தாவிவிட்டாள். ஆனால் எனக்கு அந்த வார்த்தை தைத்துவிட்டது. நானும் உன் அக்காவும் இரண்டு, மகளும் மருமகனும் நாலு, பேத்திகள் இருவர், மகன் ஒருவன், ஆக ஏழு. அன்று மாலையே நோட்டுப் போட்டு, ஏழு பேர் உட்காரும் வண்டிகள் எவை எவை என்று எழுத ஆரம்பித்தேன். ஷோரூம்காரர் நல்ல பேச்சுக்காரர். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் எட்டிப் பார்க்காது, உள்ளே குண்டூசி விழுந்தாலும் கேக்கும் சார் என்றார். சாத்திப் பார்த்தேன். வெளியே அவர் வாய் அசைகிறது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதிலேயே சொக்கிவிட்டேன். ஆனாலும் தொழில் விடுமா? டேப்பை எடுத்து வண்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்தேன். வீட்டுக்கு வந்து, நம் பார்க்கிங்கில் இரண்டு தூண்களுக்கு நடுவே இருக்கும் இடத்தையும் அளந்தேன். பக்கத்துக்கு நாலு அங்குலம் மிச்சம். கச்சிதம் என்று நோட்டில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். மச்சான், பிறர் வீட்டுக் கதவெல்லாம் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் திறக்கும் என்று வரைபடத்தில் கால் வட்டம் போட்டுக் காட்டியே வயதானவன் நான். என் வண்டிக்கும் கதவு உண்டு என்பதை மறந்துபோனேன்.

முதல் நாள் வாட்ச்மேன் விசிலடித்து வழிகாட்ட, ஒரு கீறல் இல்லாமல் தூண்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினேன். பெருமையாகக் கதவைத் திறந்தேன். நாலு அங்குலம் திறந்து தூணில் முட்டி நின்றது. என் கை மட்டும் வெளியே போய் வந்தது. அந்தப் பக்கமும் அதே கதை. வேறு வழியில்லாமல் முன் இருக்கையிலிருந்து இரண்டாவது வரிசைக்குத் தாண்டி, அங்கிருந்து மூன்றாவது வரிசைக்குத் தவழ்ந்து, டிக்கியைத் திறந்து, கால் முதலில் வருவதா தலை முதலில் வருவதா என்று யோசித்துக் கடைசியில் இரண்டும் சேர்ந்து வெளியே வந்தேன். குடியிருப்புச் சங்கச் செகரட்டரி அப்போது குடும்பத்தோடு லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து தினமும் இதுதான். ஏறுவதும் டிக்கி வழி, இறங்குவதும் டிக்கி வழி. உன் அக்கா வாசலிலேயே ஏறி இறங்கிக்கொள்கிறாள். சாருக்கு இந்த வயசுலயும் உடம்பு நல்லா வளையுது என்று வாட்ச்மேன் பாராட்டினார். செகரட்டரி மறுவாரமே தம் மாமியாரின் பீரோவை வேறு வீட்டுக்கு மாற்ற வண்டி கேட்டார். அதைத் தொடர்ந்து இரண்டாவது மாடி மெத்தைகள், மூன்றாவது மாடியின் பதினான்கு பூந்தொட்டிகள், மொட்டைமாடிக்குப் போகவேண்டிய தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் அதில் பயணம் செய்துவிட்டன. எங்கள் குடும்பம் ஏழு பேரும் சேர்ந்து இன்னும் பயணம் செய்யவில்லை.

வராமல் இல்லை, வந்தார்கள். போன மாதம் மகள் குடும்பமும் மகனும் இரண்டு நாள் இருக்கிற மாதிரி வந்தார்கள். நான் ரயில் நிலையத்தில் அரை மணி நேரம் முன்னாலேயே போய் நின்றேன், ஏழு இருக்கையையும் துடைத்து நிமிர்த்தி வைத்துவிட்டு. ஏழு இருக்கையையும் நிமிர்த்தினால் டிக்கியில் ஒரு பெட்டிகூட நிற்காது என்பது அப்போதுதான் தெரிந்தது. இதை அளக்கவில்லையா என்று கேட்காதே. காலி வண்டியைத்தான் அளந்தேன். கடைசியில் மருமகன் பெட்டிகளோடு டாக்சியில் வந்தார், மகன் அவருக்குத் துணையாகப் போனான். பேத்திகள் மூன்றாவது வரிசைதான் வேண்டும் என்று அடம்பிடித்து உட்கார்ந்து, இரண்டாவது வளைவிலேயே சின்னவளுக்குக் குமட்டி, மூன்றாவது வளைவில் அதைப் பார்த்துப் பெரியவளுக்கும் குமட்டி, வீடு வந்து சேர்ந்ததும் இருவரும் இனிமேல் தாத்தா வண்டி வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். திரும்பிப் போகும்போது ஐந்து பேரும் டாக்சியில் போனார்கள். மகள் மட்டும் ஜன்னல் வழியாக, வண்டி நல்லா இருக்குப்பா என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் நல்ல பெண்.

இனி உன் சம்பந்தப்பட்ட பகுதி. பார்க்கிங்கில் ஒரு வண்டிக்குத்தான் இடம், ஆகவே பெரியது வந்தால் சின்னது போகவேண்டும். வெளியாளிடம் தள்ளிவிட மனம் வரவில்லை, உனக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். நீ சாவியை வாங்கும்போது, அக்காகிட்ட கேட்டீங்களா அத்தான் என்று கேட்டாய். கேட்டேன், தலையாட்டினாள் என்றேன். அது பொய்யில்லை. இரண்டு நாள் முன்னால் அவளை ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து அழைத்து வரும்போது, அதே சின்னக் காரில் வைத்துத்தான் கேட்டேன். அவளும் தலையாட்டினாள். நீ ஓட்டிக்கொண்டு போன அன்று மாலை, புது வண்டியில் போய்ப் பரிசோதனைக் கூடத்து வாசலில் நிறுத்தினேன். வேலை முடிந்து வெளியே வந்தாள். என் வண்டியைப் பார்த்தாள், நகர்ந்து நின்றுகொண்டாள், எனக்குப் பின்னால் வரும் சாலையை எட்டி எட்டிப் பார்த்தாள். ஆச்சரியம் முற்றட்டும் என்று நானும் உள்ளே உட்கார்ந்து பத்து நிமிடம் சிரித்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டதும் அண்ணாந்து பார்த்து, நம்ம வண்டி எங்க என்றாள். உன் தம்பிக்குத்தான் கொடுத்தாச்சே, நீதானே தலையாட்டினாய் என்றேன். எப்போ என்றாள். சொன்னேன். அப்புறம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

“என் குடை அதுல இருந்துச்சே.”

சொல்லிவிட்டுப் பின் கதவைத் திறந்து, இரண்டாவது வரிசை இருக்கையை மடக்கி, மூன்றாவது வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். இன்றோடு நாலு மாதம் ஆகிறது. அங்கேயேதான் இருக்கிறாள்.

வீட்டில் பேசாமல் இல்லை. சாப்பாடு ஆறுகிறது, குழாய் சொட்டுகிறது எல்லாம் சொல்கிறாள். வண்டிக்குள்தான் பேச்சு கிடையாது. முன்னால் வா என்றால், பின்னால வெயில் படல என்பாள். மழை நாளில் கேட்டாலும் அதே பதில். வண்டிக்கு மண்டபம் என்று பெயர் வைத்திருக்கிறாள். மண்டபத்துக்கு டீசல் போட்டாச்சா என்று கேட்பாள். ஏதாவது அவசரமாகச் சொல்ல வேண்டியிருந்தால் மூன்றாவது வரிசையிலிருந்து எனக்குப் போன் செய்கிறாள். நேரில் பேசுவதில்லை என்றுதான் வைராக்கியம், போன் அந்தக் கணக்கில் வராது போலிருக்கிறது. என் போனோ வண்டியோடு இணைந்தது. ஆகவே எட்டு ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி, உன் அக்காவின் குரல் முழங்கும்: அடுத்த தெருவுல திரும்பணும். நான் திடுக்கிட்டு இரண்டு தடவை அதற்கு முந்தைய தெருவிலேயே திரும்பிவிட்டேன். ஷோரூம்காரர் சொன்னது சத்தியம், மச்சான். வண்டிக்குள் அப்படி ஒரு நிசப்தம். அவள் அங்கே விடும் பெருமூச்சு முன்னிருக்கை வரை தெளிவாகக் கேட்கிறது.

சின்ன வண்டியில் இப்படியா இருந்தோம்? மகன் விடுதிக்குப் படிக்கப் போன வருடம் வாங்கியது, பத்து வருடம் ஓடியது. காலை ஏழு மணிக்கு அவளைப் பரிசோதனைக் கூடத்தில் விட்டு மாலையில் அழைத்து வருவேன். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஃபிளாஸ்கில் காப்பியோடு ஏரிக்கரை வரை போய் வருவோம். முதுகுக்குப் பின்னாலேயே இன்ஜின், அது பாட்டுக்கு இரைந்துகொண்டிருக்கும். தோளுக்கும் தோளுக்கும் நாலு அங்குலம்தான். கியர் மாற்றும்போதெல்லாம் முழங்கை அவள் மேல் படும். நாங்கள் பேசாத பேச்சில்லை. என் அலுவலகத்தில் யார் யாரைக் கவிழ்த்தார்கள், மேலதிகாரி என் படத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டது, எட்டு வருடத்துக்கு முன் எனக்கு வரவேண்டிய தலைமை வரைவாளர் பதவி வராமல் போனது, எல்லாவற்றையும் அங்கேதான் அவளிடம் கொட்டினேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. ஒன்றுக்காவது குறுக்கே பேசியிருப்பாளா? சாலையைப் பார்த்தபடியே கேட்டுத் தலையாட்டுவாள். எனக்கு அது போதும். அவளிடம் ஒரே ஒரு குறை, மறதி. நான் விவரமாகச் சொன்ன விஷயத்தையே இரண்டு நாள் கழித்து வேறு யாராவது சொன்னால், இதை ஏன் என்கிட்ட சொல்லல என்று கேட்பாள். ஒரு நாளைக்கு இருநூறு ரத்தக் குழாய்களில் பெயர் எழுதுகிற தலைக்குள் இதற்கெல்லாம் ஏது இடம் என்று நானும் விட்டுவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். நாலு மாதத்துக்கு அப்புறம் ஏரிக்கரைக்குப் போகலாம் என்று கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனேன். வழக்கம்போல மூன்றாவது வரிசை. அந்த வரிசைக்கு ஏறி இறங்கியே அவளுக்கு முதுகுப் பிடிப்பு வந்துவிட்டது. பெட்ரோல் பங்கை ஒட்டி ஒரு மருந்துக்கடை. களிம்பு வாங்கி வருகிறேன் என்று கைப்பையிலிருந்து சில்லறையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். அந்த நேரத்தில் நான் பங்கில் சக்கரங்களுக்குக் காற்றடித்தேன். முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருக்கும்போது பின் கதவு மூடும் சத்தம் கேட்டது. வந்துவிட்டாள் என்று ஏறி வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தால் இரண்டாவது வரிசையின் தலையணைகள்தான் தெரியும், அதற்குப் பின்னால் யாரும் தெரியமாட்டார்கள். ஆகவே அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ வாய் திறந்தது.

அன்று நான் சொன்னதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். உன் அக்காவிடம் சொன்னது இதுதான்: சின்ன வண்டியைக் கொடுப்பது பற்றி உன்னிடம் கேட்டேன், நீ தலையாட்டினாய், அது வாஸ்தவம். ஆனால் எப்போது கேட்டேன் தெரியுமா, ஒரு லாரியை முந்திக்கொண்டு போகும்போது, உன் முகத்தைப் பார்க்காமல், ஒரே மூச்சில் கேட்டு முடித்தேன் என்றேன். நிதானமாகக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம், நீ தலையாட்டியதும் கேட்டாகிவிட்டது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன் என்றேன். பின்னால் சத்தமே இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு மேலும் தைரியம் வந்தது. பதினான்கு கிலோமீட்டரும் நானே பேசினேன். ஏரிக்கரை வரும்போது கடைசியாக இதைச் சொன்னேன்.

“வேலை முடிஞ்சதும் வீடு காலியா தெரிஞ்சுது. ஏழு சீட்டு இருந்தா ஏழு பேரும் வருவாங்கன்னு நினைச்சேன். நீ ஒருத்தி பக்கத்துல உட்கார்ந்திருக்கறதே போதும்னு எனக்கு அப்ப தோணல. இப்ப தோணுது. தப்பு என்னோடதுதான்.”

சொல்லிவிட்டு வண்டியை ஓரம் கட்டினேன். என்ன சொல்ற என்று கேட்டேன். இருக்கையில் மண்டியிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஆறு தலையணைகள் தெரிந்தன, தலை ஒன்றும் தெரியவில்லை. அவள் எண்ணுக்குப் போன் போட்டேன். இரண்டாவது வரிசையில் கிடந்த கைப்பைக்குள் மணியடித்தது. பை இருக்கிறது, போன் இருக்கிறது, ஆள் இல்லை. பங்கில் கேட்டது வேறு யாருடைய வண்டிக் கதவோ. கட்டிய மனைவியை உச்சி வெயிலில் மருந்துக்கடை வாசலில் விட்டுவிட்டு, காலி இருக்கைகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஏரி வரை வந்திருக்கிறேன். வந்த வழியே திரும்பிப் பறந்தேன். கடை வாசலில் வண்டியைக் குறுக்கே போட்டுவிட்டு உள்ளே ஓடி, இங்கே களிம்பு வாங்க வந்தவங்க எங்கே என்று கேட்டேன். அவங்க அப்பவே கிளம்பிட்டாங்களே சார் என்றார் கடைக்காரர். ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறவர், அவருக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது என்று வெளியே வந்தால், வாசலில் எடை பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் உன் அக்கா களிம்போடு நிற்கிறாள். அழப்போகிறாள் அல்லது திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்து, காத்து அடிக்க இவ்வளவு நேரமா என்று மட்டும் கேட்டாள். நான் போனதே அவளுக்குத் தெரியவில்லை. கூட்டம் என்றேன். மறுபடி மூன்றாவது வரிசையில் ஏறிக்கொண்டாள்.

இப்போது புரிகிறதா என் நிலைமை? ஒரு தடவை சொல்லவே முப்பத்து மூன்று வருடக் குடித்தனம் ஆயிற்று. சொன்னதைக் கேட்கவேண்டியவள் கேட்கவில்லை. மறுபடியும் சொல்லலாம் என்று இந்த ஒரு வாரமாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருக்கிறேன், உன் அக்கா எனக்கு இருமல் மருந்து கொடுக்கிறாள். சோபாவில் வராது, சாப்பாட்டு மேசையில் வராது. அந்தச் சின்னக் காரில் உட்கார்ந்தால் ஒருவேளை வரும். நாலு அங்குல தூரத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கேட்காமல் போகாது, அவளும் தலையாட்டுவாள். ஆகவே, மச்சான், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். சின்னக் காரை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்தப் பெரியதை நீ எடுத்துக்கொள். யோசித்துப் பார், உன் தொழிலுக்கும் இதுதான் லாயக்கு. மைக்செட் வாடகைக்கு விடுகிறவன், ஒரு ஸ்பீக்கரைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து பெல்ட் போட்டு அழைத்துப் போகிறாய், அடுத்ததற்கு மறுபடி வருகிறாய் என்று கேள்விப்பட்டேன். பெரிய வண்டியில் எட்டு ஸ்பீக்கரும் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். இரண்டையும் அளவெடுத்து மேலிருந்து பார்க்கிற மாதிரி படம் போட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். சின்னதில் எனக்கும் அவளுக்கும் இடைவெளி நாலு அங்குலம். பெரியதில் ஏழு அடி இரண்டு அங்குலம். வேறு ஒப்பீடு எனக்குத் தெரியவில்லை.

உன் ஒலிபெருக்கிகள் கரகரக்காமல், கம்பிகள் அறுபடாமல், நீ பேர் சொல்லும்படி வாழவேண்டும். உன் பற்கள் உள்ளது உள்ளபடி நிலைத்திருக்கட்டும். வரும்போது வண்டியோடு வா. இந்தக் கடிதம் பற்றி உன் அக்காவிடம் மூச்சுவிடாதே.

என்றும் உன் நன்மையை நினைக்கும்,
அத்தான்

இணைப்பு: அளவுப்படம் ஒன்று.

பின்குறிப்பு:

தம்பி, இந்தப் பொடி எழுத்தைப் பார்த்ததுமே யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். என் கையெழுத்துத்தான் தெளிவு என்று உன் அத்தான் கவரை ஒட்டி என்னிடம் கொடுத்து விலாசம் எழுதச் சொன்னார். உனக்கு அவர் அப்படி என்னதான் எழுதுவார் என்று பிரித்தேன். உன் பல்வலியைப் பற்றி நான் கேட்கச் சொல்லவே இல்லை. உனக்குப் பல்வலி என்பதே எனக்குத் தெரியாது. அதை ஏன் அவரிடம் மட்டும் சொன்னாய்?

சின்ன வண்டியை அனுப்பாதே. அதில் அவர் பேசியது ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் இன்ஜின் அப்படி இரையும். முதல் வாரம் என்ன, என்ன என்று கேட்டுப் பார்த்தேன். அப்புறம் அவர் வாய் அசைந்தால் நான் தலையாட்டினேன். பத்து வருடம் ஆட்டினேன். வண்டியை உனக்குக் கொடுப்பதற்கும் அப்படித்தான் ஆட்டியிருக்கிறேன். நாலு மாதமாக அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது என் தப்பு. அவருக்கு அந்தப் பெரிய பதவி கிடைக்காமல் போனது இந்தக் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கும் தலையாட்டிவிட்டு இறங்கி, காய் நறுக்கப் போயிருப்பேன். அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் எங்கேயும் விட்டுப்போகவில்லை. களிம்பை வாங்கிக்கொண்டு ஏறி, முதுகு வலிக்கிறதே என்று மூன்றாவது வரிசையில் நீட்டிப் படுத்துக்கொண்டேன். குண்டூசி விழுந்தால் கேட்கும் என்று ஷோரூமில் சொன்னது நிஜம்தான். அவர் சொன்னது எல்லாம் கேட்டது. என்ன சொல்ற என்று அவர் கேட்டபோது எனக்குக் குரல் வரவில்லை. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கிடந்தேன். அதற்குள் அவர் பதறிப்போய் வண்டியைத் திருப்பிவிட்டார். அவர் கடைக்குள் ஓடியதும் நான் இறங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடை மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அவரிடம் நீ எதையும் சொல்லிவிடாதே. என் முகம் தெரியாதபோதுதான் அவருக்குப் பேச்சு வருகிறது. சிக்னலில் நிற்கும்போது எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, மடையா மடையா என்று தன்னையே திட்டிக்கொள்கிறார். பத்து வருடப் பேச்சு பாக்கி இருக்கிறது. ஒவ்வொன்றாக மறுபடியும் சொல்லட்டும், நான் பின்னால் இருந்தே கேட்டுக்கொள்கிறேன். முடிந்ததும் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அவர் வரைந்த படத்தை உனக்கு அனுப்பவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு சின்ன வட்டம் போட்டு ‘அவள்’ என்று எழுதியிருக்கிறார், அதனால் நானே வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு உச்சி வெயிலில் அத்தனை நேரம் நின்றவள் முகத்தில் ஒரு சொட்டு வியர்வைகூட இல்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த தடவை கவனித்தாலும் கவனிப்பார். என் குடையை மட்டும் அனுப்பி வை.